ராஜாங்கம் அண்ணன் போனைப் படித்தது யார்?

1. கேஸ் வந்தது

“யப்பா முத்து, எவனோ எங்கயோ உக்காந்துக்கிட்டு என் போனைப் படிக்கிறான்ப்பா.”

மழைக்கோட்டைக்கூடக் கழற்றாமல் ராஜாங்கம் அண்ணன் போனைக் கவுண்டரில் வைத்தார். வண்டன்மேட்டுக்குக் கீழே பள்ளத்தில் ஏலக்காய்த் தோட்டம் வைத்திருப்பவர், என் கடைக்குப் பழைய வாடிக்கை. எனக்கு உள்ளூர ஒரே சந்தோஷம். இருபத்திரண்டு வருடமாக ஜெராக்ஸ் எடுத்து, அபேட்சை மனு டைப் அடித்து, போனுக்குக் கண்ணாடி ஒட்டிப் பிழைக்கிறவனைத் தேடி ஒரு ஹேக்கிங் கேஸ் வருகிறது என்றால் சும்மாவா? சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, “உக்காருங்கண்ணே, விவரமாச் சொல்லுங்க” என்றேன்.

விவரம் இதுதான். அவர் மகன் செந்திலுக்குப் பெண் பார்க்கிறார்கள். பெருமாட்டிப் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்திலிருந்து வாட்ஸ்அப்பில் பெண்ணின் ஜாதகம் வந்தது. பொருத்தம் நன்றாக இருந்தது. பெண்ணின் அப்பா ஒருநாள் காலையில், “ஞாயித்துக்கிழமை ஊடு பார்க்க வரலாமுங்களா?” என்று மெசேஜ் போட்டிருக்கிறார். உடனே இரண்டு நீல டிக் விழுந்துவிட்டது. பதில் மட்டும் சாயங்காலம்வரை வரவில்லை. அவர் போன் போட்டுக் கேட்டதை ராஜாங்கம் அண்ணன் அப்படியே சொல்லிக் காட்டினார்: “ஏனுங்க, படிச்சுப்போட்டு கம்முனு இருந்தா என்னங்க அர்த்தம்? வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிப்போடலாமுங்களே.” அதோடு அந்தச் சம்பந்தம் முடிந்தது.

“நான் அந்த மெசேஜைப் பாக்கவே இல்லப்பா. தோட்டத்துல ரேஞ்ச் இல்ல. போனை ஸ்டோர்ல சார்ஜ்ல போட்டுட்டுப் போயிருவேன். சாயங்காலம் ரோட்டுக்கு ஏறுனப்பதான் வந்துச்சு. அதுவும் மணிகூட அடிக்கல, ஏற்கெனவே படிச்ச மாதிரி கெடக்கு.”

ஸ்டோர் என்றால் ஏலக்காய் உலர்த்திப் பொறுக்கும் கட்டடம்.

நான் போனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாதபோது முகத்தை எவ்வளவு கடுமையாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பது மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும். “ரிமோட் ஆக்சஸ்ணே” என்றேன். பேக்டரி ரீசெட் செய்தேன். மூன்று வருடமாக அவர் எடுத்து வைத்திருந்த ஏலச்செடிப் போட்டோக்கள் அத்தனையும் போயின. மேலே புதுக் கண்ணாடியும் ஒட்டினேன். ஹேக்கருக்கும் கண்ணாடிக்கும் என்ன தொடர்பு என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு ஒரு மாதம் தொந்தரவே இல்லை. பஜாரில் டீ குடிக்கப் போகும் இடமெல்லாம் ஹேக்கரை விரட்டிய கதையைச் சொன்னேன். இரண்டாவது தடவை சொன்னபோது ஹேக்கர் வெளிநாட்டுக்காரன் ஆகிவிட்டான்.

2. நிபுணர் தீர்ப்பு

அடுத்த ஜாதகம் போடியிலிருந்து வந்தது. ஜோசியர் காகிதத்தில்தான் பார்ப்பார் என்பதால் அண்ணன் பிரிண்ட் எடுக்க வந்தார். பெருமாட்டி ஜாதகத்துக்குச் செய்ததுபோலவே, “போனைக் குடுங்க, நான் பாத்துக்கிறேன்” என்று வாங்கி, கம்ப்யூட்டர் திரையில் தெரிந்த கியூஆர் கட்டத்தை அதால் ஸ்கேன் செய்து, அவர் வாட்ஸ்அப்பைத் திறந்து ஜாதகத்தை அடித்துக் கொடுத்தேன்.

மறுநாள் சாயங்காலமே திரும்பி வந்தார். அதே கதை. போடிக்காரர் கேட்டதற்கு நீல டிக், பதில் இல்லை. இந்த முறை அண்ணன் தானே போன் போட்டுக் கெஞ்சிச் சமாளித்திருந்தார்.

அன்று கடையில் நல்ல கூட்டம். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். போன மாதம் நான் விரட்டிய ஹேக்கர் திரும்பி வந்தால் என் மானம் என்ன ஆவது? அப்போது வாயில் வந்ததைச் சொன்னேன்.

“சுத்தம் பண்ணுன போன்ல மறுபடி வருதுன்னா, இது வெளியாள் வேலை இல்லண்ணே. போனைக் கையில எடுக்குறவங்க வேலை. பகல்ல போன் யாருகிட்ட இருக்கு?”

“ஸ்டோர்ல இருக்கு. செல்விதான் அங்க இருக்கும்.”

“அப்ப அவ்வளவுதான்.”

அவ்வளவுதான் என்று நான் சொன்ன அந்த ஒரு சொல்லுக்கு எந்த ஆதாரமும் கிடையாது. ரேஞ்ச் இல்லாத ஸ்டோரில் மெசேஜே வந்திருக்காது என்றுகூட நான் யோசிக்கவில்லை. ஆனால் கூட்டம் தலையாட்டியது. போனுக்குப் புது பாஸ்வேர்டு போட்டுக் கொடுத்து, இனி அதைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கச் சொல்லி அனுப்பினேன்.

3. செல்வி வந்தாள்

செல்வி கம்பத்திலிருந்து தினமும் ஜீப்பில் மலையேறி வருகிறவள். ராஜாங்கம் அண்ணன் ஸ்டோரில் ஏழு வருடமாகக் காய் தரம் பிரிக்கிறாள். ஸ்டோர்ச் சாவி அவளிடம்தான் இருக்கும். இரண்டு நாள் கழித்து, சாயங்கால ஜீப் கிளம்புவதற்கு முன் கடைக்கு வந்தாள்.

“அண்ணே, முதலாளி சாவியை வாங்கிட்டாரு. காட்டு வேலைக்குப் போகச் சொல்லிட்டாரு. சீசன் முடிஞ்சதும் வரவேண்டாம்னு பேச்சு அடிபடுது.”

நான் கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

“வேலை போனாக்கூடப் பரவால்லண்ணே. கூட ஜீப்புல வாரவுக எல்லாம் நான் உக்காந்தா போனை எடுத்து மடியில சொருகுறாக. நான் அந்தப் போனைத் தொட்டதே இல்ல. நீங்க ஒரு வார்த்தை சொன்னா முதலாளி கேப்பாரு.”

“டெக்னிக்கல் விசயம்மா, உனக்குச் சொன்னாப் புரியாது” என்றேன். எனக்கே புரியாத விஷயத்தைத்தான் அவளுக்குப் புரியாது என்றேன். வெளியே ஜீப் ஹாரன் அடிக்க, அவள் போய்விட்டாள்.

4. ஹேக்கரைக் கண்டுபிடித்தேன்

என் கடையில் இரண்டு கம்ப்யூட்டர். ஒன்றில் வேலை நடக்கும். இன்னொன்று பிரிண்ட் எடுக்க மட்டும், மற்ற நேரம் ஓரத்தில் திரை எரிந்தபடி சும்மா இருக்கும். கடை பிசியாக இருப்பதுபோல் தெரியட்டும் என்று நான் அதை அணைப்பதே இல்லை. அந்த வாரம் ஒருநாள் காலையில் அதைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். திரையில் ஒரு மெசேஜ் வந்து விழுந்தது.

“ஜாதகம் எங்களுக்கும் சம்மதம். வெள்ளிக்கிழமை வரலாமா?”

மேலே போடிக்காரர் பெயர். மெசேஜுக்குச் சற்று மேலே நான் பிரிண்ட் அடித்த ஜாதகம்.

துணியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். ராஜாங்கம் அண்ணனின் வாட்ஸ்அப்பை நான் இந்தக் கம்ப்யூட்டரில்தான் திறந்தேன், மூடவே இல்லை. வாடிக்கைக்காரர்கள் அடுத்த முறை ஸ்கேன் செய்யும் சிரமம் வேண்டாமே என்று ஆளுக்கொரு ஜன்னல் திறந்து அப்படியே விட்டுவைப்பது என் வழக்கம். அதை நான் சர்வீஸ் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பள்ளத்தில் ரேஞ்ச் இல்லாமல் அவர் போன் கிடக்க, அதே மெசேஜ் நேராக என் திரைக்கு வந்துவிடுகிறது. அவர் ஜன்னல் எல்லாவற்றுக்கும் மேலாக, பெண் வீட்டாருடன் பேசும் பக்கத்தோடு திறந்தே இருப்பதால், வந்தவுடன் நீல டிக். நான் ரீசெட் செய்ததும் தொந்தரவு நின்றதற்குக் காரணம், அதில் இந்த இணைப்பும் அறுந்துபோனதுதான். அடுத்த ஜாதகத்துக்கு நானே மறுபடி இணைத்தேன். ஊரெல்லாம் தேடிய ஹேக்கர் நான். வெளிநாட்டுக்காரன் இல்லை என்பது மட்டும்தான் ஆறுதல்.

லாக் அவுட் என்று ஒரு தட்டுத் தட்டினேன். மற்ற ஜன்னல்களையும் ஒவ்வொன்றாக மூடினேன். மொத்தம் பதினொரு குடும்பம்.

அன்று வாயைத் திறக்கவில்லை. மறுநாளும் திறக்கவில்லை. இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. தொந்தரவுதான் நின்றுவிட்டதே, செல்விக்கு எப்படியாவது சாவியைத் திரும்ப வாங்கிக் கொடுத்துவிடலாம், என் பெயர் எதற்கு வெளியே வரவேண்டும் என்று எனக்குள்ளேயே பேரம் பேசிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் ராஜாங்கம் அண்ணன் ஒரு பொட்டலம் ஏலக்காயுடன் வந்தார். எட்டு மில்லிமீட்டர் முதல்தரக் காய், நல்ல பச்சை. “போடிக்காரங்க வெள்ளிக்கிழமை வாராங்கப்பா. அவங்க கேட்டப்ப ரோட்டுலதான் நின்னேன், உடனே பதில் போட்டுட்டேன். அவளை மாத்துனதுல இருந்து ஒரு தொந்தரவும் இல்ல. நீ சொன்னது சரியாப் போச்சு” என்றார்.

நான் லாக் அவுட் செய்ததே அவள்மேல் குற்றத்தை உறுதி செய்துவிட்டது. பொட்டலத்தை அவர் பக்கம் தள்ளிவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அதற்கு அவர் பேசியதை இங்கே எழுத முடியாது.

5. ஜீப் ஸ்டாண்டு

சாயங்காலம் ஸ்டாண்டில் செல்வியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். நாளைக்கே சாவி கிடைத்துவிடும், மன்னிச்சிரும்மா என்றேன்.

அவள் அழவும் இல்லை, திட்டவும் இல்லை. “எங்கிட்ட ஏன்ணே ரகசியமாச் சொல்றீங்க? நான் செய்யலன்னு எனக்குத்தான் தெரியுமே. அன்னைக்குக் கடை நெறைய ஆளை வச்சுக்கிட்டுத்தான சொன்னீங்க?”

அங்கே நாலு ஜீப் நிறைய ஆட்கள். நான் ஒரு ஜீப்பின் பின்படியில் ஏறி நின்று, லிங்க்டு டிவைஸ், அதாவது வாட்ஸ்அப்போடு இணைத்த வேறு கருவி, என்றால் என்ன என்று பாடம் நடத்துவதுபோல் ஆரம்பித்தேன். ஒரு அம்மா இடையிலேயே கேட்டாள்: “அப்ப களவாணி நீதானா?”

“ஆமா. நான்தான். செல்வி அந்தப் போனைத் தொடவே இல்ல” என்றேன். சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அந்தச் சிரிப்பு எனக்கு வலித்தது, ஆனால் ஒரு பெண்மேல் ஒரு வாரமாக இருந்த பழி அதில்தான் போனது.

6. கேட்கிறவர்களுக்கு

தூரத்திலிருந்து போனை ஹேக் செய்ய முடியுமா என்று இப்போதும் கேட்கிறார்கள். முடியும். கல்யாணப் பத்திரிகை என்று வரும், உள்ளே ஆப் ஒளிந்திருக்கும் ஏபிகே பைலைத் திறந்தால் முடியும். பேங்க் ஆள் என்று பேசுகிறவன் சொன்ன ஸ்கிரீன் ஷேர் ஆப்பை ஏற்றினால், ஓடிபியைச் சொன்னால் முடியும். ஒன்றையும் தொடாமலே நுழைகிற பெரிய கைகாரர்களும் இருக்கிறார்களாம். அவர்களுக்கு நம் மலையில் என்ன வேலை என்று தெரியவில்லை, ஆனாலும் போன் அப்டேட் கேட்டால் தள்ளிப்போடாதீர்கள். வாட்ஸ்அப்பில் லிங்க்டு டிவைசஸ் என்று ஒரு இடம் உண்டு. வாரம் ஒருமுறை திறந்து, தெரியாத கம்ப்யூட்டர் இருந்தால் வெளியேற்றுங்கள். தெரிந்த கடைக்காரன் கம்ப்யூட்டர் இருந்தாலும் வெளியேற்றுங்கள். காரணம் தெரியாத சர்வீஸ்காரன் ஒரு ஆளின் பெயரைச் சொன்னால் நம்பாதீர்கள்.

சீசன் முடிந்தும் செல்வி ஸ்டோரில்தான் இருக்கிறாள். போன வாரம் மகளின் ஹால் டிக்கெட்டைப் பிரிண்ட் எடுக்கக் கடைக்கு வந்தாள். நான் பழக்கதோஷத்தில் கையை நீட்டி, “போனைக் குடும்மா” என்றேன்.

“நானே காட்டுறேன்ணே.”

போனைத் தன் கையிலேயே பிடித்து, கட்டத்தை அவளே ஸ்கேன் செய்தாள். நான் இன்னொரு கையால் பிரிண்ட் தட்டினேன். காகிதம் வந்ததும் தன் போனில் லிங்க்டு டிவைசஸைத் திறந்து என் கம்ப்யூட்டரை வெளியேற்றினாள். பிறகு என் திரையை ஒருமுறை எட்டிப் பார்த்துச் சரிபார்த்துக்கொண்டு, “வாரேன்ணே” என்று கிளம்பினாள். நான் நீட்டிய கையை அப்போதுதான் மடக்கினேன்.