கட் அடித்துவிட்டு வகுப்பில் உட்கார்ந்தவர்கள்

காரைக்குடியில் இயற்பியல் நடத்துகிறவளுக்கு ஓம் விதி மட்டும் தெரிந்தால் போதாது, எங்கே ஷூட்டிங் நடக்கிறது என்றும் தெரிந்திருக்க வேண்டும். ஏதாவது பெரிய வீட்டு வாசலில் ஜெனரேட்டர் வண்டி வந்து நின்றால், மறுநாள் என் கடைசி பெஞ்ச் காலி. ஊர் சுற்றப் போகிற பிள்ளைகள்மேல் எனக்குப் பெரிய கோபம் வந்ததில்லை. ஒரு நாள் போனால் குடி முழுகிவிடாது. ஆனால் அஜ்மலும் அவன் கூட்டாளிகள் ஐந்து பேரும் தேர்ந்தெடுத்தது பிளஸ் டூ பிராக்டிகல் நாளை.

அவர்களுக்கு மதிய பேட்ச். காலையில் ரிவிஷனுக்கு வரச் சொல்லியிருந்தேன், ஒரு பயலையும் காணோம். தலைமையாசிரியர் லேப் வாசலில் வந்து நின்றார். "எங்குட்டு டீச்சர் போனாய்ங்க? எக்ஸ்டர்னல் வந்தாச்சு. ஆப்சென்ட் விழுந்தா வருஷமே போச்சு." எக்ஸ்டர்னல் என்பவர் தேர்வு நடத்த வேறு பள்ளியிலிருந்து வருகிற ஆசிரியர். யாருக்காகவும் காத்திருக்க மாட்டார்.

அஜ்மலின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் காட்டிக்கொடுத்தது. என் கண்ணில் படாமல் மறைக்க மறந்துவிட்டான், மண்டு. அமராவதிபுதூர்ப் பக்கம் ஒரு பெரிய வீட்டு முகப்பில் நின்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான். காலை பேட்ச்சை இன்னொரு டீச்சரிடம் ஒப்படைத்துவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன்.

உள்ளே போய்ப் பார்த்தேன். முற்றத்தை ஒட்டிக் கரும்பலகை, மேஜை, பெஞ்சுகள். பள்ளிக்கூடத்துக்கு வராமல் ஓடிய ஆறு பேரும் யூனிஃபார்மில், முதல் வரிசையில், கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். படத்தில் அது வகுப்பறைக் காட்சியாம், வேடிக்கை பார்க்க வந்தவர்களைப் பிடித்து மாணவர்களாக உட்காரவைத்துவிட்டார்களாம்.

"எந்திரிங்கடா," என்றேன்.

உதவி இயக்குநர் ஓடிவந்தார். "மேடம், இப்ப எழுந்தா கண்டினியூட்டி போயிடும், முன்னாடி எடுத்ததோட ஒட்டாது. இந்த ஒரு ஷாட் முடிஞ்சதும் நானே வேன்ல அனுப்புறேன்."

அந்த ஒரு ஷாட் முடிகிற வழியாகத் தெரியவில்லை. வாத்தியாராக நடித்தவர் ஓம் விதி நடத்த வேண்டும். பாவம், நல்ல மனிதர், வசனம்தான் மனசில் நிற்கவில்லை. "மின்தடை கூடினால் மின்னோட்டமும் கூடும்," என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. "தப்பு," என்று கத்திவிட்டேன். கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

இயக்குநர் திரும்பிப் பார்த்தார். விரட்டப் போகிறார் என்று நினைத்தேன். "நீங்க டீச்சரா? இங்க நின்னு அவருக்குச் சொல்லிக் கொடுங்க," என்றார். நான் சொல்ல, நடிகர் தடுமாற, இயக்குநர் "ஒன் மோர்" என்பார். பையன்களுக்கும் உத்தரவு: "ஒவ்வொரு தடவையும் புதுசா கேக்குற மாதிரி கேக்கணும்." கேட்டார்களே, வருஷம் முழுக்க நான் பார்க்காத முகத்தோடு. மணி போய்க்கொண்டே இருந்தது.

கடைசியில் அஜ்மலே எழுந்தான். "சார், ரெசிஸ்டன்ஸ் கூடுனா கரண்ட் கொறையும். குறுகலான பைப்புல தண்ணி கம்மியா வரும்ல, அப்புடி நெனச்சுக்கங்க." அடுத்த டேக் ஓகே.

வேன் பள்ளி வாசலில் நிற்கவும் மதிய பெல் அடிக்கவும் சரியாக இருந்தது. பின்னாலேயே நான் ஸ்கூட்டியில் வந்து சேர்ந்தேன். பவுடர் முகங்களைப் பார்த்த எக்ஸ்டர்னல், "என்னப்பா, கல்யாண வீட்டுலருந்தா வாரீக?" என்று கேட்டுவிட்டு, வாயால் கேள்வி கேட்கிற வைவாவைத் தொடங்கினார். ஓம் விதியில் ஒருத்தனும் திணறவில்லை.

பரீட்சை முடிந்ததும் அஜ்மலைத் தனியாக நிறுத்தினேன். "இதத்தான வகுப்புல நானும் நடத்துனேன். அப்ப எங்கடா போச்சு இந்த மூளை?"

அவன் தலையைச் சொறிந்தான். "டீச்சர், நீங்க ஒரு தடவதான் சொன்னீக. அங்குட்டு, சரியா வர்ற வரைக்கும் விடலயே."

"புரிஞ்சுதா?" என்று கேட்டு, பதிலுக்கு நிற்காமல் அடுத்த பாடத்துக்குப் போகிறவள் நான். நன்றாகவே உறைத்தது. ஷூட்டிங் வந்தால் பிள்ளைகள் இன்றைக்கும் கட் அடிக்கத்தான் செய்கிறார்கள். மறுநாள் அவர்களை உட்காரவைத்து, விட்டுப்போன பாடத்தை இன்னொரு தடவை நடத்துகிறேன், அதுவும் முகத்தைச் சுளிக்காமல்.