எட்டாம் அத்தியாயத்தை யாரும் படிக்கவில்லை

ஃபேக்டரியில் தேயிலை காயும் வாசனை வந்தால் எனக்கு என் மேலேயே கோபம் வரும். அந்த வாசனையோடு ஷிப்ட் முடிந்து வந்து, மூன்று வருடமாகப் போனில் டிராகன் கதை எழுதியவள் ஜெகதளா ஊர்க்காரி மேரி. எங்கள் மாயக்கதை வாட்ஸ்அப் குழுவில் ஏழாம் அத்தியாயத்தையே தவறுதலாக எட்டாவதாகவும் போட்டுவிட்டாள். பனி இறங்குகிற மாதிரி எல்லோரிடமிருந்தும் 'அருமை', 'அருமை'. நானும் படிக்காமலே இதயம் அனுப்பினேன். அதை நம்பி முழுக் கதையையும் அப்படியே பதிப்பகத்துக்கு அனுப்பினாள். ஒரே அத்தியாயம் இரண்டு முறை இருக்கிறது என்று திருப்பிவிட்டார்கள்.

குன்னூர் பஸ் ஸ்டாண்டில் என்னை நிறுத்தினாள். "ஏனுங்க அக்கா, எட்டுல டிராகன் பொழைச்சுதுங்களா, செத்துதுங்களா?"

ஊக்கப்படுத்தத்தான் அந்த இதயம் என்று நினைத்திருந்தேன். ஊக்கமாம், ஊக்கம். அன்றிலிருந்து, கதையில் நடந்த ஒன்றையாவது குறிப்பிடாமல் நான் யாரையும் பாராட்டுவதில்லை.

அன்று பஸ் ஏறும்போது மேரி சொன்னாள்: "இதயமெல்லாம் நீங்களே வெச்சுக்குங்க. படிச்சீங்கன்னா மட்டும் பேசுங்க."