நீதியரசருக்கு நான் போட்ட பதிவுத் தபால்

கொழும்பு புதுக்கடையில் இருக்கும் உயர் நீதிமன்றத்துக்கு எத்தனை தரம் போய் வந்தேன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. எண்ணுவதை எப்போதோ விட்டுவிட்டேன். தேயிலைத் தோட்டத்திலிருந்து இருட்டோடு இறங்கி, கஹவத்தையில் முதல் பஸ்ஸைப் பிடித்து, கால் வீங்க உட்கார்ந்து போக வேண்டும். நாட்டிலேயே பெரிய கோர்ட், போன உடனே ஒரு முடிவு சொல்லிவிடுவார்கள் என்று நம்பித்தான் முதல் தடவை போனேன். எங்கள் வழக்கைக் கூப்பிட்டு, இன்னொரு தேதிக்குத் தவணை கொடுத்து, ஃபைலை மூடிவைக்க அவர்களுக்கு ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. எனக்கு அன்றைக்குத் தோட்டத்தில் பேர் விழாமல் ஒரு நாள் சம்பளம் போனதுதான் மிச்சம்.

வழக்கு என் தம்பியுடையது. கிராம உத்தியோகத்தர் வேலைக்குப் பரீட்சை எழுதி, நேர்முகத் தேர்வுக்கும் போய் வந்தான். புள்ளிப் பட்டியலில் அவன் பெயர் மேலே இருந்தது. வேலைக்கு எடுத்தவர்களின் பட்டியலில் அவன் பெயரே இல்லை. அவனுக்குக் கீழே எங்கேயோ இருந்த ஒருவரின் பெயர் இருந்தது. அந்த ஆள் ஓர் அரசியல்வாதியின் சிபாரிசுக் கடிதத்தோடு வந்தவர் என்பது டவுனில் எல்லோருக்கும் தெரியும். ஒரு மாதத்துக்குள் அடிப்படை உரிமை மனுப் போட வேண்டுமாம். தம்பி ஓடித்திரிந்து, காசு வாங்காமல் வாதாட ஒரு சிங்களச் சட்டத்தரணியைக் கண்டுபிடித்துவிட்டான். சின்ன வயசுப் பெண். நாங்கள் அவரை மிஸ் என்றுதான் கூப்பிடுவோம்.

தம்பி பிடிவாதக்காரன். மனுவில் கையெழுத்துப் போட்ட அன்று என்னிடம் சொன்னான்: "யாருகிட்டயும் போய் நிக்காம வாங்கணும் அக்கா. நாளைக்கு ஒருத்தனும் என்னைப் பாத்து, இவன் லெட்டர்ல வந்தவன்னு சொல்லக் கூடாது." அவனுக்கு வேலையை விட அந்தப் பேச்சுதான் பெரிது என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. விளங்கினாலும் காதில் போட்டிருக்க மாட்டேன்.

எங்கள் தோட்டத்தில் கடிதம் இல்லாமல் ஒரு துரும்பும் அசையாது. பிள்ளையை டவுன் பள்ளிக்கூடத்தில் சேர்க்க தோட்டத் தொழிற்சங்கத் தலைவரின் கடிதம் வேண்டும். நாங்கள் குடியிருக்கும் லயத்துக் கூரை ஒழுகினால் தோட்டத்து மனேஜர் துரைக்குக் கடிதம். கரண்ட் இழுக்க ஒன்று, பெரியாஸ்பத்திரியில் கிளினிக் நாளை முன்னுக்கு எடுக்க ஒன்று. நான் பிள்ளைக் காம்பராவில், வேலைக்குப் போகும் தாய்மாரின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறேன். அந்த வேலையே தலைவரின் கடிதத்தால் கிடைத்ததுதான். அதில் எனக்கு வெட்கமும் இல்லை. வெறுங்கையோடு போய் நிற்பதுதான் எங்களுக்கு வெட்கம்.

தவணை மேல் தவணை போயிற்று. ஒரு நாள் மூன்று நீதியரசர்கள் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு பேர்தான் வந்தார்கள். இன்னொரு நாள் அரசாங்கத் தரப்பு அவகாசம் கேட்டது. அதற்குள் தம்பி ஹார்ட்வெயார் கடையில் சீமெந்து மூட்டை தூக்கி, முப்பது வயசிலேயே காதோரம் நரைத்துவிட்டான். ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் தட்டைப் பார்த்துக்கொண்டே இருப்பான். பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. அலுத்துப்போனவளுக்குப் புத்தி வேலை செய்யாது என்பது என் விஷயத்தில் முழு உண்மை.

நேரே சங்கத் தலைவரிடம் போனேன். வழக்கை முழுக்கக் கேட்டுவிட்டு, பைத்தியக்காரியைப் பார்ப்பதைப் போல என்னைப் பார்த்தார். "ஏம்மா, இத்தன நாளா வெறுங்கையோடயா போய் வந்தீங்க? ஜட்ஜுமாரையும் மேல இருந்துதானே போடுறாங்க? அந்தப் பக்கம் லெட்டர் இருக்கு, நம்ம பக்கம் இல்ல. அப்பறம் எப்புடி நடக்கும்?" என்றார். அவர் சொன்னது எனக்கு அச்சொட்டாகச் சரியாகப் பட்டது. துரை போட்ட கணக்கப்பிள்ளை துரைக்குத்தான் கொழுந்து நிறுப்பார். நீதியரசர் மட்டும் வேறு மாதிரி இருப்பார் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

ஒரு வாரத்தில், எங்கள் மக்களின் பெரிய அரசியல்வாதி ஒருவரின் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. சிங்களத்தில் டைப் அடித்து, அடியில் முத்திரை குத்தியிருந்தது. சிங்களம் நான் தண்ணீர்பட்ட பாடாகப் பேசுவேன். ஆனால் ஓர் எழுத்துப் படிக்கத் தெரியாது. யாரிடமாவது கொடுத்து வாசிக்கச் சொல்லலாமென்றால் தம்பி காதுக்குப் போய்விடும். கடித உறையில் வழக்கு இலக்கத்தை எழுதி, நீதியரசர், உயர் நீதிமன்றம், கொழும்பு என்று போட்டு, கஹவத்தைத் தபாலகத்தில் பதிவுத் தபாலில் சேர்த்தேன். அன்றைக்குத்தான் பல மாதங்களுக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினேன்.

அடுத்த தவணைக்கு நானும் தம்பியோடு போனேன். எங்கள் வழக்கைக் கூப்பிட்டதும் நடுவில் இருந்த நீதியரசர் கண்ணாடியைக் கழற்றினார். ஒரு தாளைக் கையில் எடுத்து, இங்கிலீஷில் நிதானமாக ஏதோ சொன்னார். மிஸ்ஸின் முகத்தில் ஈயாடவில்லை. தாள் அவர் கைக்கு வந்தது. மிஸ் திரும்பி, இது நீங்கள் அனுப்பியதா என்று தம்பியைக் கேட்டார், அவன் இல்லை என்று தலையாட்டினான். பிறகு அவன் கண் என் மேல் வந்து நின்றது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

வெளியே வராந்தாவில் மிஸ் எல்லாவற்றையும் சிங்களத்தில் விளக்கினார். மனுதாரர் எங்கள் கட்சிக்கு உழைத்த ஆள், அவருக்குச் சாதகமாகக் கவனியுங்கள் என்று கடிதத்தில் இருந்ததாம். தம்பி எந்தக் கட்சிக்கும் ஒரு போஸ்டர்கூட ஒட்டியவன் அல்ல. வழக்கைப் பற்றித் தங்களுக்கு இப்படி ஒரு கடிதம் வந்துவிட்டதால் தாங்கள் மூவரும் இதைக் கேட்பது சரியில்லை, வேறு மூன்று பேர் முதலிலிருந்து கேட்கட்டும் என்று நீதியரசர் சொல்லிவிட்டார். மனுவைத் தள்ளாமல் விட்டதே பெரிய காரியம் என்றார் மிஸ். நம் கடிதத்துக்கு வளைகிற நீதியரசர் நாளைக்கு எதிர்ப்பக்கத்துக் கடிதத்துக்கும் வளைவார், அப்படிப்பட்டவரிடம் நீதி கேட்டு நீங்கள் இந்தப் படியேறி வந்து என்ன பயன் அக்கா என்றார். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

என் மேல் எனக்கு வந்த ஆத்திரம் இன்றைக்கும் தணியவில்லை. கடிதத்தால் பறிபோன வேலைக்கு நீதி கேட்டுப் போன இடத்தில் நானே ஒரு கடிதத்தை நீட்டியிருக்கிறேன். பஸ்ஸில் எனக்குப் பக்கத்து இருக்கை காலியாக இருந்தும் தம்பி பின்னால் போய் உட்கார்ந்துகொண்டான்.

புது நீதியரசர்கள், புதுத் தவணைகள். மறுபடியும் அதே பஸ். அந்த இடைவெளியில் அரசாங்கம்கூட மாறியது. கோர்ட்டு அசைந்து கொடுக்கவில்லை, அவசரப்படவும் இல்லை. கடைசியில் ஒரு நாள் தீர்ப்பு வந்தது. தம்பியின் சம உரிமை மீறப்பட்டிருக்கிறது, அவனுக்கு நியமனம் கொடுக்க வேண்டும் என்று மூன்று பேரும் ஒருமித்து எழுதியிருந்தார்கள். இடையில் வந்த கடிதத்தைப் பற்றியும் ஒரு நாலு வரிப் பந்தி இருந்தது. அதைத் தாங்கள் துளியும் கணக்கில் எடுக்கவில்லை, புள்ளிகளை மட்டுமே பார்த்தோம் என்று. மிஸ் அதை இரண்டு தரம் வாசித்துச் சிங்களத்தில் சொன்னார். தம்பி அந்தத் தாளைப் பிள்ளையைத் தூக்குவதைப் போல இரண்டு கையாலும் வாங்கினான்.

நாங்கள் தோட்டத்துக்கு வந்து சேருமுன்னே அங்கே வெடி போட்டாகிவிட்டது. லயத்து முற்றத்தில் தலைவர் மாலையோடு நின்றார். பெரியவருடைய கடிதம் போனதால்தான் கோர்ட்டே அசைந்தது என்று நாலு பேர் கேட்கச் சொன்னார். தம்பி தீர்ப்பை விரித்து, அந்தப் பந்தியைத் தமிழில் விளக்கினான். எல்லோரும் அவன் முகத்துக்காகத் தலையாட்டினார்கள். "எழுத்துல அப்புடித்தான் போடுவாங்க தம்பி, கடுதாசியப் பாத்துக் குடுத்தோம்னா எழுத முடியும்?" என்றார் தலைவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் நின்றுகொண்டிருந்தேன். அனுப்பியவள் நான்தானே, எந்த வாயால் மறுப்பேன்?

இப்போது தம்பி கலவான பக்கம் ஒரு பிரிவில் வேலை பார்க்கிறான். நல்ல பெயர் எடுத்திருக்கிறான் என்று சொல்கிறார்கள். வேலையில் சேர்ந்த முதல் மாதத்தில் ஒரு நாள் மத்தியானம் எனக்குப் போன் எடுத்தான். தோட்டத்து அம்மா ஒருவர் வதிவிடச் சான்றிதழ் கேட்டு வந்தாராம். விண்ணப்பம் எல்லாம் சரியாகத்தான் இருந்ததாம். அதோடு ஒரு கட்சிக்காரரின் கடிதத்தையும் மேசையில் வைத்தாராம். இது வேண்டாம் அம்மா, இது இல்லாமலே தருவேன் என்று இவன் திருப்பிக் கொடுத்தானாம்.

"அதுக்கு அந்தம்மா என்ன சொல்லிச்சு தெரியுமா அக்கா? கோவிச்சுக்காதீங்க சார், நீங்களும் லெட்டர்லதானே வந்தீங்க, அதான் நானும் அலைஞ்சு வாங்கியாந்தேன்னு சொல்லிச்சு."

அவன் குரலில் கோபம் இல்லை. ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்று போனை வைத்துவிட்டான்.