உள்ளே ஒருவர், வெளியே ஒருவர்

இருபத்தோரு வருடம் பள்ளிக்கூட வேன் ஓட்டியவளுக்கு வேனக்கா என்ற பெயர் நிலைத்துவிட்டது. பிள்ளைகள் வைத்த பெயர் அது. பிறகு பெற்றோர்கள், பட்டறைக்காரர்கள், கடைசியில் சொந்தத் தங்கையே கேலியாக அப்படிக் கூப்பிட ஆரம்பித்தாள். பள்ளிக்கூடம் பெரிய பேருந்துகள் வாங்கியதும் அந்தப் பழைய வேனை இரும்புக்குப் போட இருந்தார்கள். வேனக்கா அதைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

"கல்யாணமே வேணாம்னு இருந்தவ, கடைசியில ஒரு ஓட்டை வண்டியக் கட்டிக்கிட்டா" என்றாள் தங்கை.

பத்து மாதம், ஞாயிறு தவறாமல் வேலை. பன்னிரண்டு இருக்கைகளையும் கழற்றினாள். அசையாத போல்ட்டுகளுக்கு எண்ணெய் விட்டு ஊறவைத்து, மறுநாள் ஸ்பானரின் மேல் ஏறி நின்று திருப்பினாள். துரு தின்ற தரையை வெட்டியெடுத்துவிட்டு, வெல்டரை வைத்துப் புதுத் தகடு போட்டாள். சுவருக்கும் கூரைக்கும் பிளைவுட் அடித்தாள். அடியில் பெட்டி வைத்த கட்டில், மடக்கு மேஜை, ஒற்றை அடுப்பு, சின்ன மின்விசிறி. எல்லாமே ஒரு ஆளுக்கு அளந்தவை. கட்டிலில் உட்கார்ந்தபடி கை நீட்டினால் அத்தனையும் எட்டும். அது அவளுக்குப் பெருமையாக இருந்தது. பெருமைப்பட வேண்டிய விஷயம்தானா என்று ஓரிரு முறை தோன்றியதுண்டு. தோன்றியதும் ரம்பத்தை எடுத்துவிடுவாள்.

வாடகை அறையை மாதக் கடைசியில் காலி செய்வதாகச் சொல்லியாகிவிட்டது. அதற்குப் பிறகு வேன்தான் வீடு. அது முடியாவிட்டால் தங்கை வீட்டுப் பின்னறை. அங்கே ஒரு வாரம் இருந்து பார்த்திருக்கிறாள். குறை ஒன்றும் கிடையாது. தம்ளரைக் கழுவப் போனால்கூட, "வை அக்கா, நான் பாத்துக்கிறேன்" என்பாள் தங்கை. விருந்தாளியாக ஒரு வாரம் இருக்கலாம். ஆயுசுக்கும் இருக்க முடியுமா?

அப்போதுதான் மழை வந்தது. கட்டிலுக்கு நேர் மேலே, பிளைவுட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரக்கறை.

அந்தப் பலகையைக் கழற்றினாள். ஏணியில் ஏறி வாளித் தண்ணீரை ஊற்றி, இறங்கி ஓடிவந்து பார்த்தாள். அதற்குள் தண்ணீர் கூரையின் இரும்புப் பட்டை வழியாக ஓடி, எங்கோ ஒரு மூலையில் சொட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர் உள்ளே புகுந்தது எந்த இடத்தில்? மூன்று ஞாயிறு இப்படியே ஏறி இறங்கி முழங்கால் வீங்கியதுதான் மிச்சம்.

பட்டறை மெக்கானிக் சிரித்தார். "ஒழுகல் பாக்கிறது ஒத்தை ஆள் வேலை இல்லக்கா. வெளிய ஒருத்தர் அங்குலம் அங்குலமா தண்ணி விடணும், உள்ள ஒருத்தர் டார்ச் அடிச்சுப் பாக்கணும். வீட்டுல யாரையாவது கூப்பிடுங்க."

வேனக்கா போனைத் திறந்தாள். முந்நூறு எண்களுக்கு மேல் இருந்தன. நீல கேட். நாய் வீடு. முனைக்கடை மாடி. லேட்டு அம்மா. வாந்திப் பையன் அப்பா. அத்தனையும் வண்டி நின்ற இடங்கள். காலையில் ஹாரன் அடித்தால் ஓடிவந்தவர்கள்தான். ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டு, கொஞ்சம் பைப்பைப் பிடிங்க என்று யாரிடம் கேட்பது? விரல் கடைசி வரை போய்த் திரும்பி, தங்கையின் பெயரில் நின்றது.

தங்கை வந்தாள். "ஊர்ல யாரும் கிடைக்கலைன்னாதானே நான்?"

"வாய் கிழியப் பேசினது போதும், ஏணியில ஏறு."

வேனக்கா கதவைச் சாத்திக்கொண்டு டார்ச்சோடு உள்ளே நின்றாள். தலைக்கு மேலே தகரத்தில் தண்ணீர் விழுந்தது.

"வருதா?"

"இல்ல. கொஞ்சம் தள்ளித் தண்ணி விடு."

"ஒழுகட்டும்க்கா. பின்னறை சும்மாதான் கிடக்கு."

"தண்ணிய விடுடி."

தண்ணீர்ச் சத்தம் கூரையின் அடுத்த பக்கத்துக்கு நகர்ந்தது. பிறகு தங்கையின் குரல், சற்று இறங்கி.

"அவரு மாசத்துல இருபது நாள் வெளியூரு. பிள்ளைங்க ஹாஸ்டல்ல. சாயங்காலம் ஆச்சுன்னா டிவியும் நானும்தான். உனக்குப் பாவம் பாத்துக் கூப்பிட்டேன்னா நெனச்ச?"

முகத்தைப் பார்த்துக்கொண்டு அவள் ஒருநாளும் இதைச் சொல்லியிருக்க மாட்டாள். இடையில் ஒரு தகரம் இருந்ததால் சொல்லிவிட்டாள். வேனக்கா டார்ச்சை அடுத்த பட்டைக்கு நகர்த்தினாள்.

"அக்கா."

"என்ன?"

"கூரை மேல இருந்த பள்ளிக்கூடப் பேர்ப்பலகையக் கழட்டினியே, அதுக்கு ஆறு ஓட்டை இருந்திருக்கு. நீ அஞ்சுதான் அடைச்சிருக்க. ஒண்ணு பெயிண்டுக்கு அடியில ஒளிஞ்சு கிடக்கு."

தங்கை இதைச் சொல்லாமல் இறங்கியிருக்கலாம். பின்னறைக்கு ஆள் கிடைத்திருக்கும். பைப்பை அங்கே பிடித்ததும் பட்டையில் ஒரு துளி முளைத்து ஓடியது. "வந்துடுச்சுடி!" என்று வேனக்கா கத்தினாள்.

ஓட்டையைச் சுரண்டிச் சுத்தம் செய்து பசை வைத்தார்கள்.

"காய ஒரு நாள் ஆகும். நாளைக்கு இன்னொரு தரம் தண்ணி அடிச்சுப் பாக்கணும்."

"அதுக்கும் நான்தானா?"

"வேற யாரு?"

மறுநாள் சாயங்காலம் தங்கை மறுபடி ஏணியில் ஏறினாள். வேனக்கா டார்ச்சைக் கூரை முழுக்க ஓட்டினாள். பட்டையைத் தடவிப் பார்த்தாள். துளி ஈரமில்லை. பத்து மாத வேலை முடிந்துவிட்டது. இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், தங்கை குழாயை மூடுவாள், சேலையில் கையைத் துடைத்துக்கொள்வாள், அப்ப வரேன்க்கா என்பாள்.

"வருதா?"

வேனக்கா டார்ச்சை அணைத்தாள். கட்டிலில் ஓரமாக நகர்ந்து உட்கார்ந்தாள்.

"இன்னும் சரியாத் தெரியல. கொஞ்ச நேரம் அடி."

வெளியே தங்கையும் ஏணிப்படியில் வாகாக உட்கார்ந்துகொண்டாள். தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது.