தலையணை மேல் ஒற்றைக் கால்

கல்லூரி வாலிபால் அணியில் வலையோரம் எகிறி அடிப்பவள் நான். ஒரு போட்டியில் அடித்துவிட்டு இறங்கியபோது எதிரணிப் பெண்ணின் பாதத்தின் மேல் என் வலது கால் விழுந்து, கணுக்கால் உள்பக்கமாக மடங்கியது. வீக்கம் வடிந்ததும் ஆடப் போனேன், மறுபடி மடங்கியது. அதன் பிறகு அதற்கு மைதானமே தேவைப்படவில்லை. விடுதிப் படிக்கட்டில், பஸ் ஸ்டாண்டில், சும்மா நடக்கும்போதே சட்டென்று புரண்டது. ஆட முடியாதவளுக்கு விளையாட்டு விடுதியில் இடமில்லை. பெட்டியோடு கம்பைநல்லூர் பக்கத்திலிருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

அது புளி தட்டும் காலம். வாசல் முழுக்கப் பெண்கள் உட்கார்ந்து கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அம்மா என் காலில் எண்ணெய் தடவி, துணி சுற்றி, கட்டிலில் உட்கார வைத்தாள்.

"அசைக்காம வெச்சிரு பாப்பா. அதுவா கூடிக்கும்."

என் ஷூவை எங்கேயோ ஒளித்துவிட்டாள். வாசலில் தலை காட்டினால், "இந்தக் காலோட எங்க போற?" என்று எல்லோரும் சேர்ந்து கேட்பார்கள். ஒருத்தி எனக்குக் கேட்கும்படியே, "பொண்ணு பாக்க வர்றவங்க நடக்கச் சொன்னா என்னா பண்ணுவ?" என்று அம்மாவைக் கேட்டாள். அம்மா குனிந்த தலை நிமிராமல் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

தர்மபுரியில் நானாகப் போய்ப் பார்த்த பிசியோதெரபி மேடம் சொன்னதோ நேர்மாறு. காலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "எலும்புல ஒண்ணுமில்ல. தசைநார் தளர்ந்துபோச்சு. பாதம் சாயறது உனக்கு லேட்டா தெரியுது, அதுக்குள்ள மடங்கிடுது. திரும்பப் பழக்கணும்" என்றார். ரப்பர் பட்டையை மாட்டிப் பாதத்தை வெளிப்பக்கமாக இழுக்க வேண்டும். ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். அது வந்ததும் கண்ணை மூடி நிற்க வேண்டும். அப்புறம் தலையணை மேல்.

பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவே இருந்த இடம்தான் என் மைதானம். கதவைச் சாத்திக்கொண்டு, வெளியே புளி தட்டும் சத்தத்தில் நின்றேன். போனில் அணியினர் போட்டிக்குக் கிளம்பும் படங்கள் வரும். பார்த்த உடனே கால் ஆடும். பீரோ கைப்பிடியைப் பிடித்துக்கொள்வேன். அறை நாளுக்கு நாள் சின்னதாகிக்கொண்டே வந்தது போலிருந்தது.

ஒருநாள் அம்மா கதவைத் திறந்துவிட்டாள். "இருக்கற காலயும் ஒடச்சிக்கப் போறியா?" என்று தலையணையைப் பிடுங்கினாள். அடுத்த முறை மேடத்திடம் சண்டை போடவே கூட வந்தாள்.

மேடம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீங்க ஒரு காலத் தூக்கி நில்லுங்கம்மா. இப்ப கண்ண மூடுங்க" என்றார்.

அம்மா தள்ளாடி என் தோளைப் பிடித்தாள்.

"பாதம் கீழ ஆடுச்சுல்ல? நீங்க வுழாம இருக்க அது பண்ற வேலை அது. உங்க பொண்ணு காலுக்கு அது மறந்துபோச்சு. கட்டியே வெச்சா எப்படி ஞாபகம் வரும்?"

வீட்டுக்கு வந்ததும் அம்மா, ஒளித்து வைத்திருந்த ஷூவை எடுத்துவந்து கட்டிலடியில் வைத்தாள். மறுநாள் முதல் நான் தலையணை மேல் நிற்க, அவள் எதிரே நின்று பந்து போட்டாள். நேராகப் போட அவளுக்கு வராது. கண்டபடி வரும் பந்தை எட்டிப் பிடித்ததில்தான் கால் நன்றாகப் பழகியது.

கடைசியில் குதித்து ஒற்றைக் காலில் இறங்கச் சொன்னார் மேடம். கால் தரையை விட்டு எழவே மாட்டேன் என்றது.

"பயமா இருக்கா?"

"ஆமாங்க மேடம்."

"இருக்கட்டும். பயந்துகிட்டே குதி."

ஒரு சாண் உயரம் குதித்தேன். அழுகையாக வந்தது.

அடுத்த சீசனில் அணியில் சேர்த்துக்கொண்டார்கள், பெரும்பாலும் பெஞ்சில்தான். ஒரு ஆட்டத்தில் அடித்து இறங்கும்போது பாதி பாதம் இன்னொருத்தியின் ஷூ மேல் பட்டது. கணுக்கால் சாய்ந்தது, நடுங்கியது, நின்றுவிட்டது. அந்த அதிசயத்தில் அடுத்த பந்தைக் கோட்டைவிட்டுத் திட்டு வாங்கினேன்.

இன்றும் பஸ்ஸிலிருந்து இறங்குமுன் கால் வைக்கும் இடத்தைக் குனிந்து பார்க்காமல் என்னால் இறங்க முடிவதில்லை. பின்னால் நிற்பவர்கள் "சீக்கிரம் எறங்கும்மா" என்பார்கள். பார்த்துவிட்டுத்தான் இறங்குகிறேன்.