அத்தை வழுக்கி விழுந்த கதை

எங்கள் பக்கத்தில் எலும்பு முறிந்தால் யாரும் யோசிப்பதில்லை, நேரே புத்தூர்தான். பச்சிலையும் முட்டையும் தடவி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டிவிடுவார்கள். எனக்கு எட்டு வயதில், அத்தையின் முகம் ஒரு பக்கம் பூசணிக்காயாய் வீங்கியபோதும் நைனா ஆட்டோவைப் புத்தூருக்குத்தான் விடச் சொன்னார்.

அத்தை நைனாவின் தங்கை. சத்தியவேட்டில் வாழ்க்கைப்பட்டவள். பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று சொல்லி, மாமாவே பைக்கில் கொண்டுவந்து விட்டுவிட்டு ஷிப்டுக்குப் போய்விட்டார்.

கட்டுக்காரர் அத்தையை வாயை மூடச் சொல்லிப் பார்த்தார். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேரவில்லை.

"இது தாடைம்மா. நம்ம கட்டு இதுல நிக்காது. திருப்பதிக்கு இட்டுக்கினு போங்க."

திருப்பதியில் படம் எடுத்தபோது தாடை இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. எப்படி ஆயிற்று என்று டாக்டரம்மா தெலுங்கில் கேட்டார். அத்தைக்கு முன்பே அம்மா சொல்லிவிட்டாள். டாக்டரம்மா அத்தையையே பார்த்து மறுபடி கேட்டார். இம்முறை நான் முந்திக்கொண்டு, பள்ளிக்கூடத்துத் தெலுங்கில், தரையில் சோப்புத் தண்ணீர் இருந்தது என்றேன். சோப்பு என் சொந்தச் சரக்கு. அம்மா என் தலையைத் தடவிக் கொடுத்தாள்.

பற்களை மேலும் கீழுமாகக் கம்பியால் சேர்த்துக் கட்டினார்கள். ஆறு வாரம் கஞ்சி, பால், பருப்புத் தண்ணீர், எல்லாம் ஸ்ட்ராவில்தான். அத்தைக்கு முனகல் மட்டுமே வந்தது. பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் நானே கதை சொன்னேன். சொல்லச் சொல்ல நன்றாகக் கைவந்துவிட்டது. வாராவாரம் மாமா ஹார்லிக்ஸோடு வந்து, கம்பி எடுத்ததும் கூட்டிப்போவதாகச் சொல்வார். அத்தை சுவரைப் பார்த்தபடி படுத்திருப்பாள். அவள் போய்விடுவாளே என்று எனக்கு ஒரே கவலை.

கம்பி எடுத்த அன்றே மாமா வந்துவிட்டார். அம்மா அத்தையின் துணிகளைப் பையில் அடுக்கினாள்.

"கெளம்புமா" என்றார் நைனா.

அத்தை தாடையைக் கையால் தாங்கிக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"நான் வழுக்கி உழல, அண்ணா. இவருதான் அடிச்சாரு. நான் போவமாட்டேன்."

மாமா செருப்பைத் தேடினார். நைனா பையை எடுத்து உள்ளே வைத்தார்.

அத்தை எங்களோடு இருக்கப்போகிறாள். நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கோ கோபம்தான் வந்தது. ஊரெல்லாம் அத்தனை அழகாகச் சொல்லிவைத்த என்னை இப்படிப் புளுகுணி ஆக்கிவிட்டாளே என்று இரண்டு நாள் நான் அவளோடு பேசவே இல்லை.