முதுமை என்று எழுதப்பட்ட சாவுகள்

டயகம பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், வேலை பிரித்துக் கொடுக்கிற காலைப் பெரட்டுக்கு ஆட்கள் கூடி நின்றபோது அப்பா சரிந்தார். வாய் ஒருபக்கம் கோணிக்கொண்டது. வலது கை தூக்க வரவில்லை. கம்பளியில் கிடத்தி லயத்தில் எங்கள் அறைக்குத் தூக்கி வந்தோம். மறுநாள் மதியத்துக்குள் முடிந்துவிட்டது. தோட்டத்து டொக்டர் உள்ளே வரவேயில்லை. "வயசாயிருச்சு, என்ன செய்யிறது?" என்று வாசலிலேயே சொல்லிவிட்டு, சாவுக்குக் காரணம் முதுமை என்று எழுதினார். அப்பாவுக்கு ஐம்பதுகூட ஆகவில்லை.

சில வருடங்கள் கழித்து நுவரெலியா சுகாதாரக் காரியாலயத்தில் எனக்கு ஒரு வேலை கிடைத்தது. தோட்டத்து ஆட்கள் பலரைப்போல நானும் பிரஜாவுரிமை இல்லாதவன் என்பதால் தற்காலிகமாகத்தான் எடுத்தார்கள். யாழ்ப்பாணத்து டொக்டர் ஒருவர், பக்கவாதத்தால் சாகிறவர்கள் மலைநாட்டில் அதிகமா, கரையோரத்தில் அதிகமா என்று ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். சாவுப் பதிவுகளைப் பார்த்து அவருக்குக் கணக்குப் போட்டுக் கொடுப்பது என் வேலை. முதல் கணக்கில் மலைநாடு வெகு கீழே நின்றது.

"இதை அப்பிடியே நம்பக்கூடாது தம்பி," என்றார் அவர். "இங்க வயதான ஆக்கள் குறைவு. பக்கவாதம் வயதானாக்களுக்குத்தான் கூட வாறது. ஒரே வயதுக்காரரை ஒரே வயதுக்காரரோட ஒப்பிட வேணும்."

"வயசானவங்க குறைவா இருக்கிறதே, நாங்க சீக்கிரம் செத்துப்போறதாலதானுங்களே?"

அவர் புதுத்தாள் ஒன்றை எடுத்தார். இரண்டு இடத்திலும் ஒரே வயதுக் கலவை இருந்தால் எப்படி என்று திரும்பவும் போட்டோம். மலைநாடு கொஞ்சம் ஏறியது. ஆனாலும் கீழேதான். அப்போதுதான் அப்பா செத்த விதத்தை அவரிடம் சொன்னேன்.

அதன் பிறகு, அறுபது வயதுக்குள் 'முதுமை'யால் செத்ததாக எழுதப்பட்ட தோட்டத்து ஆட்களையெல்லாம் தனியாக எடுக்கச் சொன்னார். எடுக்க எடுக்க வந்துகொண்டேயிருந்தார்கள்.

"எழுதாத நோயை எந்தக் கணக்கும் எண்ணாது," என்றார் தாழ்ந்த குரலில். இந்த ஒப்பீட்டை நம்ப முடியாது என்று அறிக்கையிலும் எழுதினார். மேலிடத்தில் அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டார்கள். மலைநாட்டில் பக்கவாதச் சாவு குறைவு என்று மட்டும் அச்சாகி வந்தது. அவருக்கு வேறு ஊருக்கு மாற்றம் வந்தது. என்னை இனி வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள்.

லயத்துக்குத் திரும்பியதும் அம்மா கேட்டாள்: "அப்பாவுக்கு என்னான்னு சரியா எழுதிட்டாங்களாடா?"

"இல்லம்மா."

அவள் கூடையை எடுத்துக்கொண்டு மலைக்குப் போய்விட்டாள். அந்த வாரம் தோட்டத்து டொக்டர் என்னை வழியில் நிறுத்தி, "பாத்தியா, இங்க பக்கவாதச் சாவே குறைவுன்னு அச்சுல வந்திருக்கு, நம்ம மலைக்காத்து அப்படி!" என்று சிரித்தார்.